கச்சானுக்குக் கதவடைத்த கதை

அமெரிக்கா தேசத்தில் லாடம் எறிகிற ஆட்டம் என்று ஒன்று உண்டு. குதிரையின் குளம்பில் அடிக்கிற லாடத்தின் வடிவந்தான். ஆட்டத்துக்கென்று சற்றுப் பெரிதாகவும் கனமாகவும் செய்துகொள்கிறார்கள். நாற்பது அடி இடைவெளியில் இரண்டு இரும்பு முளைகளைத் தரையில் அடித்து, ஒரு முளையருகே நின்று மற்ற முளையை நோக்கி லாடத்தை வீச வேண்டும். லாடம் முளையைக் கவ்வி விழுந்தால் மூன்று புள்ளி. கவ்வாமல் அரை அடிக்குள் விழுந்தால் ஒரு புள்ளி. ஆட்டம் இவ்வளவே. இதற்காக 1910-ஆம் ஆண்டில் கான்ஸஸ் மாகாணத்துப் பிரான்ஸன் என்ற சிற்றூரில் உலகப் போட்டி என்றே ஒன்றை நடத்தினார்கள். பிராங்க் ஜாக்ஸன் என்பவர் ஜயித்தார். 1989-இல் ஜனாதிபதியாயிருந்த மூத்த புஷ், வெள்ளை மாளிகைத் தோட்டத்திலேயே லாடக் களம் அமைத்துக்கொண்டார். குதிரை வண்டி போய் மோட்டார் வந்த பிறகும் லாடம் மட்டும் போகவில்லை!

இந்த ஆட்டத்துக்கு ஒரு சத்துரு உண்டு, அது குளிர்காலம். எறிந்த லாடம் துள்ளி ஓடாமல் பதிந்து நிற்பதற்காக முளையைச் சுற்றி ஈரக் களிமண் பரப்பியிருப்பார்கள். வடக்கு மாகாணங்களில் பனி மூடிவிட்டால் அந்தக் களிமண் கல்லாகிவிடும். ஆகவே அங்கேயுள்ள சில சங்கத்தார், தாமே பணம் சேர்த்துத் தாமே சுத்தியல் பிடித்துக் கொட்டகை எழுப்பி, அதற்குள் களிமண் கொட்டி ஆடுகிறார்கள்.

இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது. சொந்தக்காரரைச் சந்தித்தது போன்ற ஒரு வாஞ்சையும் உண்டாயிற்று. ஆறுமுகநேரியில் லாடம் எறிகிறவர் எவருமில்லை. பனியும் இல்லை. ஆனால் எங்களுக்கும் ஒரு சத்துரு உண்டு. நாங்களும் அவனுக்குப் பயந்து ஒரு கூரை போட்டவர்கள். அந்தக் கூரை போட்ட கதையையும், போட்ட பிறகு நாங்கள் செய்த ஒரு பிழையையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் சத்துருவின் பெயர் கச்சான். மேற்கேயும் தென்மேற்கேயும் இருந்து வீசுகிற காற்று. வைகாசியில் கிளம்பினால் ஆவணி வரையில் அவன் ராஜ்யந்தான். தேரிக்காட்டுச் செம்மணலை வாரிக்கொண்டு வந்து சோற்றில் போடுவான்; பனை மரங்களை ஒரு பக்கமாகச் சீவி விடுவான். உப்பளத்துக்கு அவன் பரம உபகாரி. வெயிலும் அவனும் சேர்ந்துதான் பாத்தியில் நீரை வற்றச் செய்து உப்பை விளைவிக்கிறார்கள். ஊருக்குச் சோறு போடுகிறவனை வைய எங்களுக்கு மனம் வராது. ஆனால் இறகுப் பந்துக்கு அவன் ஜன்ம விரோதி.

எங்கள் தகப்பனார் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் ஆடியது பூப்பந்து. கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், மண் தரை. தஞ்சை அரச குடும்பத்தார் 1856 வாக்கில் தொடங்கி வைத்த ஆட்டம் அது என்பார்கள். கச்சான் வீசினாலும் கம்பளிப் பந்து ஒருவாறு தாக்குப் பிடிக்கும். இறகுப் பந்தோ பதினாறு இறகும் ஒரு தக்கையும் சேர்ந்து ஐந்து கிராம் அளவுதான். 1870-களில் புனாவில் வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரிகள் அதற்கு விதிமுறை வகுத்தபோது, காற்று என்ற ஒன்று உலகத்தில் இருப்பதை மறந்துவிட்டார்கள் போலும்!

ஆயினும் அந்த ஆட்டத்தின் மீது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மோகம் பிறந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ரியோ டி ஜெனீரோவில் சிந்து வெள்ளிப் பதக்கம் பெற்ற இரவு, வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியின் முன் கூட்டம். மறுநாள் காலையில் ஆண் பிள்ளைகள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளும் மட்டை வாங்கித் தரும்படி வீட்டில் சண்டை பிடித்தார்கள். பழைய பூப்பந்துத் தளத்தில் வலையைக் கட்டி ஆடத் தொடங்கினோம். அப்போது ஆடியும் ஆவணியும் கூடுகிற சமயம். கச்சானுக்கு உச்ச காலம். தெற்கேயிருந்து வடக்கே அடித்த பந்து கிழக்கே போய் உப்பளத்தின் வரப்பில் விழும்.

அந்தப் பந்துகளை ஓடி எடுத்து வர ஒரு பையன் இருந்தான். வயது பத்துப் பதினொன்று இருக்கும். தாயார் உப்பளத்தில் வேலை செய்கிறவர். பையன் காலில் செருப்பு இராது. பந்து எடுத்துக் கொடுத்ததற்குக் கூலியாக நாங்கள் களைத்து உட்காரும் நேரத்தில் மட்டையை வாங்கிக்கொண்டு ஆடுவான். எங்களுக்கு எட்டாத ஒரு வித்தை அவனுக்குக் கை வந்திருந்தது. கோட்டுக்கு வெளியே மேற்குப் பக்கமாக இரண்டு முழம் தள்ளி அடிப்பான். காற்று அதைப் பதமாகக் கொண்டு வந்து கோட்டுக்குள் போடும். கச்சானைத் தன் ஜோடி ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் கச்சானிடம் தோற்றவர்கள்.

ஒரு வருஷம் மனு எழுதினோம். மனு எழுதுவதில் எங்கள் சங்கத்துக்கு நல்ல தேர்ச்சி உண்டு. "சமூகம் திருவுளம் இரங்கி" என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதுவோம். வாங்கிக்கொண்டவர்கள் அன்போடு வாங்கிக்கொண்டார்கள்; அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இந்த நிலையில் எங்களுள் ஒருவர் இரண்டு ஆட்டக்காரர்களின் வரலாற்றைப் படித்துவிட்டு வந்து சொன்னார்.

முதலாமவர் பிரகாஷ் படுகோன். 1980-இல் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்ற முதல் இந்தியர். அவர் சிறு வயதில் ஆட்டம் பழகியது பெங்களூர் மல்லேசுவரத்தில் கனரா யூனியன் என்ற சங்கத்தின் கூடத்தில். அது கல்யாண மண்டபமும்கூட. முகூர்த்த நாள் வந்தால் ஆட்டம் கிடையாது. பந்தல் பிரித்து இலை எடுத்த பிறகுதான் வலை கட்டலாம். உலகத்தையே வென்ற கை, கல்யாணக்காரர் விட்டுப்போன இடத்தில் பழகிய கை! இரண்டாமவர் கோபிசந்த். 2001-இல் அதே பட்டத்தை வென்றவர். 2003-இல் ஆந்திர அரசு ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் அவருக்கு நிலம் குத்தகைக்குக் கொடுத்தது. கட்டடம் எழுப்பப் பணம் போதவில்லை. தம் வீட்டையே அடமானம் வைத்தார். நன்கொடையாளர் கை கொடுக்க, 2008-இல் பயிற்சிக் கூடம் திறக்கப்பட்டது. சிந்து பழகியது அங்கேதான்.

"நமக்கு அடமானம் வைக்கப் பெரிய வீடும் இல்லை, கல்யாண மண்டபத்தைத் தினமும் கொடுக்க யாரும் இல்லை. ஆனால் நம் கடற்கரைக்கு ஒரு வழி தெரியும்" என்றார் சங்கத்தின் மூத்தவர் ஒருவர். அவர் சொன்னது 1906-ஆம் ஆண்டுக் கதை. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, மூலதனம் பத்து லட்ச ரூபாயை இருபத்தைந்து ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். பெரிய தனவந்தர் ஒருவர் கொடுத்துக் கப்பல் வாங்குவது வேறு. பலரும் ஆளுக்கொரு பங்கு போட்டு வாங்குவது வேறு. 1908-இல் பிள்ளையவர்களைச் சிறையில் தள்ளினார்கள். 1911-இல் கம்பெனி கலைந்தது. ஆனால் கப்பல் போனாலும் வழி போகவில்லையே!

ஆகவே ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பங்கு என்று தீர்மானித்தோம். லாபம் கிடையாது, எத்தனை பங்கு வாங்கினாலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாக்கு. பணம் கொடுக்க இயலாதவர்கள் உழைப்பைக் கொடுக்கலாம். இரண்டு நாள் வேலை ஒரு பங்கு. இந்த உழைப்புக் கணக்குக்குத் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். அதில் முதலில் பெயர் கொடுத்தவர்கள் உப்பளத் தொழிலாளிகள். ஐப்பசி கார்த்திகையில் மழை நீர் பாத்திகளை மூடிவிட்டால் அவர்களுக்கு வேலை இராது. மழை விட்ட நாட்களில் வந்து அஸ்திவாரம் தோண்டினார்கள், கல் சுமந்தார்கள். பந்து பொறுக்கும் பையனின் தாயார் பெயருக்கு நேரே ஆறு நாள் என்று எழுதியிருக்கிறது. பையனும் செங்கல் சுமந்தான். ஆனால் சிறுவர் வேலையைக் கணக்கில் எழுதக் கூடாது என்று விட்டுவிட்டோம்.

நிலம் ஊர் ஓரத்தில் ஒரு பனங்காட்டுத் துண்டு. ஒரு குடும்பத்தார் மனமுவந்து கொடுத்தது. 2018-இல் வேலை தொடங்கிற்று. கட்டினவர் அறுபது வயது தாண்டிய கொத்தனார் ஒருவர். நாங்கள் படித்துவிட்டு வந்து சொன்ன அளவுகளை அவர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். ஆடுகளம் நாற்பத்து நான்கு அடி நீளம், இருபது அடி அகலம். நடுவில் வலை ஐந்து அடி உயரம். சுற்றிலும் நடமாட இடம் விட வேண்டும். மேலே பந்து உயர்ந்து போக வேண்டும். பெரிய போட்டிகளுக்குக் கூரை 9 மீட்டராவது உயரம் வேண்டும். எங்கள் பணம் இருபத்தைந்து அடியோடு நின்றுவிட்டது.

கடலோரத்தில் கட்டுவது தனி வித்தை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டோம். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் உப்புக் கரிக்கும். அந்த நீரில் குழைத்த கலவை சில வருஷத்தில் பூத்துப் பொரிந்து சுவரை உதிர்த்துவிடும். நல்ல தண்ணீரை லாரியில் கொண்டு வந்து கலவை போட்டோம். கூரைக்குச் சாதாரண இரும்புத் தகடு ஆகாது. உப்புக் காற்று அரித்துவிடும். துத்தநாகமும் அலுமினியமும் கலந்து பூசிய தகடு வாங்கினோம். அதிலும் முதலில் துரு ஏறுவது தகட்டில் அல்ல, தகட்டைப் பிடிக்கிற திருகாணியில் என்று அனுபவம் சொல்லிற்று. வாசலைக் கிழக்கே வைத்தோம்; மேற்குச் சுவரில் ஒரு துவாரமும் இல்லை. வெப்பம் வெளியேறக் கூரையடியில் மட்டும் காற்றுப் பலகணி. உட்சுவருக்குக் கரும்பச்சை வர்ணம். வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா? விளக்கைத் தலைக்கு மேலே தொங்கவிட்டால் அண்ணாந்து பார்க்கிற கண் கூசும். ஆகையால் இரு பக்கச் சுவர்களில் பொருத்தினோம்.

எல்லாவற்றிலும் கொத்தனார் எங்கள் சொல்லைக் கேட்டார். ஒன்றில் மட்டும் கேட்கவில்லை. தளத்தை நான்கு அடி உயர்த்த வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மண் நிரப்புகிற செலவு எங்களைக் கலங்க வைத்தது. இரண்டு அடி போதாதா என்று கெஞ்சினோம்.

"செலவைப் பாக்காதிய தம்பி. தொண்ணூத்திரண்டு வெள்ளத்துல தண்ணி எங்கன வரைக்கும் ஏறிச்சுன்னு நான் பாத்திருக்கேன்" என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தோம். அந்தச் செலவினால் தரைக்கு மரப்பலகை போடும் யோசனை போயிற்று. சிமெண்டுத் தளத்தின் மேல் பச்சை விரிப்பு விரித்து மனத்தைத் தேற்றிக்கொண்டோம். 2020-இல் கொள்ளை நோய் வந்து வேலை நின்றது. மறுபடி தொடங்கி 2022-இல் முடிந்தது. முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு ஒரு பந்தை மேலே அடித்தோம். அது ஏறி, நின்று, நேராகத் தலைகீழாக இறங்கிற்று. ஆறு வருஷமாகக் கிழக்கே ஓடிப் பழகிய பந்து! எங்களுள் பெரியவர்கள் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே கச்சான் தகட்டைத் தட்டிக்கொண்டேயிருந்தான்.

இனிமேல் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமை தருகிற பகுதியல்ல.

ஒரு பொருள் கிடைக்கும் வரையில் மனிதன் அதை எல்லோருக்கும் தருவதாகச் சொல்வான். கிடைத்த பிறகு அதற்குப் பூட்டுத் தேடுவான். நாங்களும் தேடினோம். விரிப்பு கிழிந்துவிடக் கூடாதே என்று ஒரு விதி செய்தோம்: தடம் பதியாத ரப்பர் அடிக் காலணி அணிந்தவர்களே உள்ளே வரலாம். மின்சாரத்துக்கும் பந்துக்கும் பணம் வேண்டுமே என்று மாதச் சந்தா வைத்தோம். வெளியார் நுழையக் கூடாதே என்று பூட்டு வாங்கினோம். சாவி காரியதரிசியிடம் இருந்தது. ஒவ்வொன்றும் நியாயமான விதி. எந்தக் கூட்டத்திலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்க வேண்டியவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை. அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

பழைய தளத்தில் நாங்கள் ஆடும்போது தெருவே பார்த்துக்கொண்டு நிற்கும். உப்பளத்திலிருந்து திரும்புகிற பெண்கள் சுமையை இறக்கி வைத்துவிட்டு, "இந்த அண்ணாச்சிக்கு ஓடவே வரலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது சுவருக்குள் நாங்கள் மட்டும் ஆடினோம். பந்து எங்கும் ஓடாததால் பந்து பொறுக்க ஆளும் தேவைப்படவில்லை. அந்தப் பையன் சில நாள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்குப் பதினாறு வயது ஆகியிருந்தது. காலில் அப்போதும் செருப்பு இல்லை. ஒரு நாள் எங்களுள் ஒருவர், "காலணி வாங்கிக்கொண்டு வா, அப்பா, ஆடலாம்" என்று அன்பாகவே சொன்னார். அதன் பிறகு அவன் வரவில்லை. நாங்கள் அவனைப்பற்றி இரண்டொரு தடவை பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி மழை தொடங்கிற்று. எங்களுக்கு அடுத்த காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததாக மறுநாள் காலை அளந்தார்கள். ஒரு வருஷத்தில் இந்தப் பக்கத்தில் பெய்கிற மழைக்கும் அதிகம். தாமிரபரணி கரையை மீறிற்று, குளங்கள் உடைந்தன, திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுவிட்டது. அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்து, வந்த கடலுக்கே திரும்பிப் போயிற்று. எங்கள் வீடுகளிலும் இடுப்பளவு தண்ணீர். ஆடுகளத்தைப்பற்றி நினைக்க யாருக்கு அவகாசம்?

மூன்றாம் நாள் காலையில் எங்களுள் நாலைந்து பேர் தண்ணீரில் நடந்து அங்கே போய்ச் சேர்ந்தோம். வெள்ளம் கடைசிப் படிக்கு முந்தின படியோடு நின்றிருந்தது. கதவு திறந்திருந்தது, பூட்டு உடைந்து தரையில் கிடந்தது. அதை உடைத்தது யார் என்று அன்றும் நாங்கள் கேட்கவில்லை, இன்றும் விசாரிக்கவில்லை.

உள்ளே நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். தாழ்ந்த பகுதியிலிருந்து வந்த உப்பளத்துக் குடும்பங்கள். வலையின் மீது ஈரத் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் செங்கல் அடுப்பில் கஞ்சி கொதித்தது. மற்றொரு மூலையில் இரண்டு ஆடுகள். பச்சை விரிப்பு முழுவதும் சேறு. 'காலணி அணியாதோர் உள்ளே வரக் கூடாது' என்று நாங்கள் எழுதி மாட்டிய பலகையின் அடியில் குழந்தைகள் வரிசையாகத் தூங்கினார்கள்; ஒன்றின் காலிலும் எதுவும் இல்லை.

சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆயினும் சொல்லிவிடுகிறோம். எங்களுள் ஒருவர் அந்த விரிப்பைப் பார்த்ததும் தம்மை மறந்து, "யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டார் என்பதைவிட, அந்த நிமிஷம் எங்கள் எல்லோருடைய மனத்திலும் இருந்ததை அவர் வாய் சொல்லிவிட்டது என்பதே சரி.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கொத்தனார் எழுந்திருக்கவில்லை. "தம்பி, அந்த நோட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. இங்கன படுத்துக் கெடக்கவங்கள்ல முக்காவாசிப் பேரு பங்குதாரங்கதான். தன் வீட்டுக்குள்ள வர பங்குதாரன் யாருகிட்டத் தம்பி கேக்கணும்?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கை நினைவூட்டுகிறவர் போலச் சொன்னார். நாங்கள் பதில் பேசாமல் அரிசியும் பருப்பும் தேடப் புறப்பட்டோம். அன்று மாலை, நனையாமல் தப்பியிருந்த அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். கொத்தனார் சொன்னது சரி. ஆயிரம் ரூபாய் கொடுத்த நாங்கள் உள்ளே ஆடிக்கொண்டிருந்தோம். ஆறு நாள் மண் சுமந்து மூன்று பங்கு சேர்த்தவரின் மகனைக் காலணி கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தோம். காற்றைத் தடுப்பதற்கென்று கட்டின சுவர், ஆளையும் தடுத்துவிட்டது. அதைக் கட்டியது கொத்தனார் அல்ல, நாங்கள்.

வெள்ளம் வடிந்து, சேற்றை வாரி, விரிப்பைக் கழுவி வெயிலில் போட்ட பிறகு, அடுத்த தை மாதத்தில் கூட்டம் கூட்டினோம். இந்தத் தடவை நோட்டில் பெயர் உள்ள அத்தனை வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னோம். கூடம் கொள்ளாத கூட்டம். காலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குச் சந்தா இல்லை என்று தீர்மானமாயிற்று. பல அளவுகளில் ரப்பர் அடிக் காலணி வாங்கி வாசலில் அடுக்கி வைப்பது, வந்தவர் போட்டுக்கொண்டு ஆடிவிட்டுத் திரும்ப வைப்பது என்று ஏற்பாடு. சாவி, காரியதரிசி வீட்டிலிருந்து எதிரேயுள்ள தேநீர்க் கடைக்குப் போயிற்று. இறகுப் பந்து விலை தாங்காது. ஆகையால் பிள்ளைகளுக்கு நைலான் பந்து. இவ்வளவுக்கும் பணம் வேண்டுமே! பணம் செலுத்துகிறவர்களின் சந்தாவை உயர்த்தினோம். மூன்று குடும்பத்தார் விலகிக்கொண்டார்கள். அவர்கள் மீது எங்களுக்கு வருத்தமில்லை. நாங்களும் இரண்டு வருஷம் அவர்களைப்போலவே நினைத்தவர்கள்தாம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். மின்சாரக் கட்டணம் வரும் மாதங்களில் பொக்கிஷதார் எங்களைக் கண்டால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். காலணி ஜோடிகளில் எப்போதும் ஒற்றை ஒன்று காணாமற் போகிறது. கழுவிய விரிப்பில் அந்தச் சேற்றின் கறை ஒன்று போகவே இல்லை. அதை மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டோம். எந்த ஊரிலாவது வாலிபர்கள் தாமே கூடம் கட்ட உத்தேசித்தால் அவர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து இரண்டு வார்த்தை: தளத்தை, ஊரில் வெள்ளம் பார்த்த கிழவர் சொல்கிற உயரத்துக்கு எழுப்புங்கள். உழைத்தவர் பெயரையெல்லாம் நோட்டில் எழுதி, கட்டி முடித்த பிறகும் அதை அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.

அந்தப் பையனை நாங்களே போய் அழைத்து வந்தோம். வெகு நேரம் தயங்கிவிட்டு வந்தான். காலணி போட்டுக்கொண்டு களத்தில் நின்றான். எங்கள் கூட்டத்திலேயே கெட்டிக்காரன் ஆடப்போகிறான் என்று எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்தோம். முதல் பந்து மேற்குக் கோட்டுக்கு வெளியே விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. பையன் திகைத்துப் போய் எங்களைப் பார்த்தான். பிறகு எங்களுக்கு விளங்கிற்று. அவன் கை இன்னும் வெளியேதான் ஆடிக்கொண்டிருந்தது. இல்லாத கச்சானுக்கு இரண்டு முழம் விட்டு அடித்துக்கொண்டிருந்தது.

கூடத்துக்குள் காற்று இல்லை என்பதை அவன் கை கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. கதவு எதற்காக இருக்கிறது என்பதை நாங்கள் கற்றுக்கொள்ள ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது அவன் காலை நேரத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக் கொடுக்கிறான். ஆடி மாதம் வந்தால் ஒரு நாள் எல்லோருமாகப் பழைய தளத்துக்குப் போய், கம்பளிப் பந்து எடுத்து, கச்சானையும் சேர்த்துக்கொண்டு ஆடுகிறோம். உப்பளத்திலிருந்து திரும்புகிற பெண்கள் நின்று பார்க்கிறார்கள். எங்களுக்கு இன்னும் ஓட வரவில்லை என்பதே அவர்களுடைய அபிப்பிராயம்.